பிளைவீல செதுக்கணுமாம்!

பிரபு: அண்ணா, இஞ்சினோட சேந்து சுத்துதே கனமான இரும்பு சக்கரம், அந்த பிளைவீல லேத்துல குடுத்து ரெண்டு கிலோ கொறச்சி குடு.

மூர்த்தி (மெக்கானிக்): இன்னாத்துக்குடா?

பிரபு: பிக்கப்பே இல்லண்ணா. நேத்து வேலூரு கிரீன் சர்க்கிள் சிக்னல்ல பச்ச உழுந்துச்சி, மிதிக்கறேன், இஞ்சினு மட்டும் ஊன்னு கத்துது வண்டி நகரல, பக்கத்துல ஷேர் ஆட்டோ எட்டு பேர ஏத்திக்கினு என்ன தாண்டி போறான், எனக்கு மானமே போச்சி. யூடியூப்ல பாத்தேன், வெயிட்ட கொறச்சா சீறுமாம்.

மூர்த்தி: அது ரேஸ் ஓட்றவனுக்குடா. உன்னுது மாருதி 800, 796 சிசி, மூணு சிலிண்டரு. பிளைவீல எவ்ளோ செதுக்கினாலும் பவரு ஏறாது, ஆர்பிஎம் சட்டுனு ஏறும் சட்டுனு எறங்கும், அதுவும் ஃபர்ஸ்ட்டு செகண்டுல தான் தெரியும்.

பிரபு: ஏறினா போதும்ணா.

மூர்த்தி: ஐடிலிங் நிக்கணுமே! ஒரு சிலிண்டரு அடிச்சி அடுத்தது அடிக்கற வரைக்கும் இஞ்சினு தண்ட, அந்த கிராங்க, சுத்த வெக்கறதே அந்த வெயிட்டு தான். ஏலகிரி ஏறசொல்ல பாரி வள்ளல் பேரு வெச்ச வளைவுல ஆஃப் ஆச்சின்னு வெய்யி, அவரு முல்லைக்கு தேர விட்ட மாதிரி நீ கார விட்டுட்டு பஸ்ஸு புடிச்சி வா.

பிரபு: நடுவுல மட்டும் கொஞ்சூண்டு?

மூர்த்தி: நடுவுல எடுத்தா ஒண்ணும் தெரியாது, ஓரத்துல எடுத்தா தான் தெரியும். ஓரத்துல ஸ்டார்ட்டரு புடிச்சி சுத்தற பல்லு, ரிங் கியர் கீது, மூஞ்சில கிளட்ச் பிளேட்டு ஒரசுது. வார்ப்பு இரும்புடா அது, கண்டபடி மெலிசாக்கி பேலன்ஸும் பாக்காம மாட்டினா, ஃபுல் ஸ்பீடுல ஒடஞ்சி அத மூடிக்கினு இருக்கற பெல் ஹவுசிங்க பொத்துக்கினு உன் முட்டிக்கு வரும். மொதல்ல உன்ன சிஎம்சி ஆஸ்பத்திரில சேத்துட்டு அப்புறம் தான் வண்டிய பாக்கணும்.

பிரபு: (முட்டியத் தடவிக்கினே) முட்டிக்கா?

மூர்த்தி: அத உடு, ஓட்டசொல்ல எடது காலு எங்க வெப்ப?

பிரபு: கிளட்ச் மேல தான். வேற எங்க, மடியிலயா வெப்பாங்க?

மூர்த்தி: அதான பாத்தேன். ஹேண்ட்பிரேக்க இஸ்து, நாலாவது கியர் போட்டு, கிளட்ச்ச மெதுவா உடு. இஞ்சினு ஆஃப் ஆவணும்.

பிரபு: உட்டேன்... ஆஃப் ஆவல! ஓடிக்கினே கீது! பாத்தியாண்ணா, என் இஞ்சினு எவ்ளோ ஸ்ட்ராங்கு!

மூர்த்தி: எறங்குடா. கிளட்ச் நல்லா இருந்தா இஞ்சினு ஆஃப் ஆயிருக்கும். நீ எப்பவும் கால அதுமேலயே வெச்சி பிளேட்டு தேஞ்சி சிலிப் ஆவுது, அதான் இஞ்சினு கத்துது, வண்டி நகரல. கியர்பாக்ஸ எறக்கி புது செட்டு போடணும்.

பிரபு: எப்படியும் எறக்கற இல்ல? அப்டியே அந்த பிளைவீலயும் ஒரே ஒரு கிலோ...