பியானோ கதையோடு நிறுத்திவிட்டீர்களே
அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் ஜெர்மனியின் கோல்ன் நகரில் தனியாக வாசித்த கச்சேரியின் பதிவான 'தி கோல்ன் கான்சர்ட்' பற்றிய உங்கள் கட்டுரை, மேடைக்குத் தவறான பியானோ வந்த கதையிலேயே நின்றுவிட்டது. 1975 ஜனவரி 24 இரவு அந்தக் கருவியில் கீழ்ச்சுரங்கள் வலுவில்லாமலும் மேல்சுரங்கள் மெலிந்தும் இருந்தன, சரி. அப்புறம் அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதல்லவா முக்கியம்? முதல் பகுதியில் இடது கை இரண்டே கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பல நிமிடங்கள் விடாமல் சுழற்ற, அதன்மேல் வலது கை பாடுகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலை மையத்தில் கர்நாடக இசை கேட்டுப் பழகிய எனக்கு, சுருதியின் மேல் விரியும் ஆலாபனைதான் நினைவுக்கு வந்தது. ஜாஸ் நமக்குப் புரியாது என்று ஒதுங்கும் கோலாலம்பூர் நண்பர்களுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். நடுவில் அவர் முனகுவதும் கேட்கும். தயவுசெய்து அதை இரைச்சல் என்று சொல்லிவிடாதீர்கள். முதல் பகுதியின் அந்த 26 நிமிடத்தையும் நிறுத்தாமல் கேளுங்கள்.