அது சுற்றுலா இல்லை, அண்ணா

சனிக்கிழமை பரிசளிப்பு மேடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டிலும் "விடு, விடு" என்றார்கள். ஆனால் ஞாயிறு காலையிலிருந்து அந்த வீடியோத் துண்டு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வேறு. அதை நானும் இங்கே போடப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"ஒரு வருஷம் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் பரிசு கொடுக்கிறோம்." மைக்கில் ஓர் அண்ணா சொன்ன பகிடியாம். மண்டபமே சிரித்தது. அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த என் மகளும் சிரித்தாள். இருநூறு பேர் திரும்பிப் பார்க்கும்போது பிள்ளை வேறென்ன செய்யும்?

அண்ணா, அது சுற்றுலா இல்லை. இங்கிலாந்தில் மூன்று வருடத்தில் முடிகிற பட்டத்தை நாலாக்கி, நடுவில் ஒரு வருடத்தை வெளிநாட்டு யூனியில் (பல்கலைக்கழகத்தில்) படிக்கிறார்கள். பாடம் எடுக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும், பாஸ் பண்ண வேண்டும். மூன்று பிள்ளைகளை யூனிக்கு அனுப்பிய உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்துகொண்டுதான் மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள்.

சரி, மகள் எப்படிப் போனாள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2025 மே கடைசியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்முகத்துக்குப் புதுத் திகதி கொடுப்பதையே நிறுத்திவிட்டது. பரிமாற்ற மாணவர் விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 படிவம் இவளிடம் வந்துவிட்டது, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 220 டொலர் கட்டியாயிற்று, தூதரகத்தில் திகதி மட்டும் இல்லை. ஜூன் நடுப்பகுதியில் திரும்பத் திறந்தபோது புது விதி: சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். பதினாலு வயதில் போட்ட பதிவுகளைக்கூட உட்கார்ந்து வாசித்தாள் பிள்ளை. தேம்ஸ் கரையில் நைன் எல்ம்ஸ் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே வரிசையில் நின்றபோது அவளின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

அப்புறம் படிப்பு. இங்கே ஒரு பாடத்துக்குப் பல நேரம் ஒரு கட்டுரை, கடைசியில் ஒரு சோதனை, அவ்வளவுதான். அங்கே கிழமைக்குக் கிழமை குவிஸ், வாசிப்புக் குறிப்பு, மிட்டேர்ம் என்ற நடுத் தவணைச் சோதனை, வகுப்பில் வாய் திறந்து பேசினால் அதற்கும் மார்க்ஸ், பேசாவிட்டால் வெட்டு. எழுதியதை இரவு 11.59க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், ஒரு நிமிடம் பிந்தினால் பூச்சியம். லண்டன் நேரம் காலை ஆறு மணிக்கு "அம்மா, ஏற்றிவிட்டேன், படுக்கப் போகிறேன்" என்று மெசேஜ் வரும். வாரத்துக்கு ஒருமுறையாவது வரும்.

முதல் மிட்டேர்மில் 88 எடுத்தாள். இங்கே எழுபதுக்கு மேல் போனாலே முதல் வகுப்பு, 88 என்றால் பேராசிரியர் கைகொடுப்பார். நான் பூரித்துப்போய் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி வரை போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மகளோ மறுமுனையில் அழுகிறாள். அங்கே அது ஏ கூட இல்லை, பி பிளஸ்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த பி பிளஸ்ஸை இங்குள்ள யூனி தன் அட்டவணையை வைத்து மாற்றும்போது என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு அந்த வருடம் முழுக்க இருந்தது. சுற்றிப் பார்த்தாளாம்!

இங்கே ஹோலில், அதாவது யூனி விடுதியில், ஆளுக்கு ஓர் அறை. அங்கே ஒரே அறையில் இரண்டு கட்டில், இடையில் ஒரு கை நீளம். கூட இருந்த பிள்ளை படகுக் குழுவில் இருந்தவள், ஒன்பதரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு விடிய ஐந்துக்கு எழும்புவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. இவள் லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நிலவறையில் துணி துவைக்கிற அறைக்குப் போய், ட்ரையருக்கு மேல் வைத்துக் கட்டுரை எழுதினாள். அங்கேதான் சூடாக இருக்கும் என்பாள். நத்தார் விடுமுறைக்கு விடுதியை மூடினார்கள். சித்தி வீட்டுக்குப் போகலாம் என்றால் அதற்கும் டிஎஸ்-2019இல் பயணக் கையொப்பம் வாங்கவேண்டும், கனடாவுக்குப் பறக்க ஈடிஏ என்ற இணைய அனுமதி எடுக்கவேண்டும். இருபது வயதுப் பிள்ளை இதையெல்லாம் தனியாகவே செய்தாள்.

இனிச் சிலர் வருவீர்கள், எனக்குத் தெரியும். "படங்களில் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள், கையில் பார்ட்டிச் சிவப்புக் கப்பும் இருந்ததே." இருந்தது. அமெரிக்காவில் 21 வயது வரை சட்டப்படி மது வாங்க முடியாது. அவளுக்கு 20. குடிக்கவேண்டும் என்றால் பதினெட்டு முடிந்த கையோடு இங்கே லண்டன் ஹரோவிலேயே குடித்திருக்கலாம், அதற்கு அட்லாண்டிக்கைத் தாண்டத் தேவையில்லை. சிரிப்பைப் பற்றிச் சொன்னால், நிலவறையில் எழுதும்போது யாரும் படம் எடுப்பதில்லை. நீங்கள் உங்கள் கலியாண அல்பத்தில் சீதனச் சண்டையையா ஒட்டி வைத்திருக்கிறீர்கள்?

"காசுள்ள வீட்டுப் பிள்ளைகள்தானே போகலாம்?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சிலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. பரிமாற்றத்தில் போனால் அமெரிக்க யூனியின் கட்டணம் கிடையாது. இங்கேயும் 2025-26இல் முழுக் கட்டணம் 9,535 பவுண், வெளிநாட்டு வருடத்துக்கு அதில் 15 வீதம், 1,430 பவுண்தான். வாழ்க்கைச் செலவுக்கான லோன் தொடரும். எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்தை விட்டுவிட்டு 2021இல் கொண்டுவந்த டூரிங் (Turing) என்ற உதவித் திட்டத்தில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆனால் விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், முதல் மாதச் சாப்பாட்டுக் காசு எல்லாம் முன்கூட்டியே கையிலிருந்து போகிறது, அது உண்மை. அதை அரசாங்கத்திடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். என் மகளிடம் கேட்காதீர்கள்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. ஜனவரியில் ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. நடு இரவில் எனக்குப் போன். "அம்மா, அம்புலன்ஸ் கூப்பிட்டால் காசு கேட்பார்களா?" காசு கேட்காத அரச மருத்துவமான என்எச்எஸ்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அம்புலன்ஸைக் கூப்பிடவே இல்லை. விடியும் வரை பொறுத்திருந்து, சிநேகிதியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள். கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி கை எப்படி என்பதல்ல, எந்த இன்சூரன்ஸ் என்பது. இன்சூரன்ஸ் இருந்தும் பிறகு நூற்றுக்கணக்கான டொலருக்கு பில் வந்தது. நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து விடியும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரவைத்தான் நீங்கள் மேடையில் பகிடி பண்ணினீர்கள்.

"இங்கேயே நல்ல யூனி இருக்கிறதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லக்கூட மனமில்லை. வரலாறு படிக்கிறவள் அங்கே வானியலும் எடுத்தாள். இங்கே பதினெட்டு வயதில் ஒரு பாடத்துக்குள் போனால் போனதுதான்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், கோபித்தால் கோபியுங்கள். அதே அண்ணாவின் மருமகன் பொஸ்டனில் மாஸ்டர்ஸ் படிக்கிறான். அவன் பனியில் சறுக்குகிற படத்தை அவரே பகிர்ந்து "எங்கள் குடும்பத்தின் பெருமை" என்று எழுதியிருந்தார். நானும் இதயம் போட்டேன். பெடியன் போனால் மேற்படிப்பு, பெட்டை போனால் ஊர் சுற்றலா? இவள் திரும்பி வந்த பிறகு என்னிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? "தனியாகவா இருந்தாள்?" "கூட இருந்தது பொம்பிளைப் பிள்ளைதானே?" "அங்கே யாரையும் பார்த்துவிட்டாளோ?" மார்க்ஸ் எத்தனை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோயிலில் இல்லை, கடையில் இல்லை, பிறந்தநாள் வீட்டில் இல்லை. எடுத்தது முதல் வகுப்பு மார்க்ஸ், மாற்றிய பிறகும். யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன்.

"நீங்கள் பெரிதுபடுத்துகிறீர்கள் அக்கா" என்று நேற்று இன்பொக்ஸில் எழுதிய தம்பிக்கு: ஆமாம், பெரிதுபடுத்துகிறேன். மைக்கைப் பிடித்துச் சொன்னதற்குக் காதோடு காதாகவா பதில் சொல்வது?

இந்த செப்டெம்பர் என் மகன் ரொறன்ரோவுக்குப் போகிறான். இவளைப் போலவே பரிமாற்றம், அதே ஒரு வருடம், நிச்சயம் அதே மாதிரிப் படங்கள். அவன் நயாகராவில் நின்று பல்லைக் காட்டும்போது யார் யார் வந்து "சூப்பர்டா தம்பி, எஞ்ஜோய்" என்று எழுதுகிறீர்கள் என்று பெயர் பெயராகக் குறித்து வைக்கத்தான் போகிறேன்.