மெசஞ்சர் நியூசிலாந்துக்காரர் அல்ல
பழைய ரக்பி வீரர் ஒருவரைப் பற்றி, "டாலி மெசஞ்சர் நியூசிலாந்துக்காரர், பின்னால்தான் ஆஸ்திரேலியாவுக்கு மாறினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அவர் 1883-ல் சிட்னியின் பால்மெயினில் பிறந்தவர். 1907-ல் ரக்பி யூனியனில் (காசு வாங்காமல் ஆடிய பழைய வகை ரக்பி) ஆஸ்திரேலியாவுக்கே ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் காசுக்கு ஆடும் அணிக்குத் தாவினார். அப்புறம் நியூசிலாந்தின் தொழில்முறை அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது இவரையும் கூட்டிப்போனது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வேடிக்கை: காசுக்கு ஆடும் ரக்பிக்கு 'லீக்' என்று பெயர். அந்த வகையின் தொடக்கமாக இன்று சொல்கிற, 1907-ல் சிட்னியில் நியூசிலாந்து அணியோடு ஆடிய முதல் மூன்று ஆட்டங்கள் பழைய யூனியன் விதிப்படியே நடந்தன. புது விதிப் புத்தகம் கையில் இல்லை!

1908 முதல் 1913 வரை மெசஞ்சர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற சிட்னி லீக் அணிக்கு ஆடினார். கடைசி மூன்று ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. தாவிய கோபத்தில் யூனியன்காரர்கள் அழித்த அவருடைய சாதனைக் கணக்கு 2007-ல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது.