கப்பல் சுற்றிப் போனால் கூலி ஏறாதாம்

சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேராகத் திருப்பூர் குமரன் சிலைக்குப் போனேன். சங்கத்து ஆர்ப்பாட்டம். மிஞ்சிப்போனால் அறுபது பேர். 'போரில் கொழுக்கும் கம்பெனிகளே, கூலியை ஏற்று' என்று ஒரு தட்டி. பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க, எங்கியோ நடக்கற சண்டைக்கும் பனியன் கம்பெனிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். கோஷத்துக்கு நடுவில் பதில் சொல்ல முடியவில்லை.

சம்பந்தம் இருக்குதுங்க. விலைவாசி ஏறும்போது சம்பளத்தோடு சேர்த்துத் தரும் பஞ்சப்படி என்கிறோமே, அதுவே போரில் பிறந்ததுதான். இரண்டு உலகப் போர்களிலும் விலைவாசி எகிறியபோது மில் தொழிலாளிகள் சண்டை போட்டு வாங்கியது. இரண்டாம் போரில் பட்டாளத்துக்குத் துணி வேண்டும் என்று மில்கள் இராப்பகலாக ஓடின. முதலாளிகள் அடித்த லாபத்தைப் பார்த்து வெள்ளைக்கார அரசே 1940இல் அதற்குத் தனி வரி போட்டது. சனங்களுக்கோ கட்டத் துணி இல்லை. 1943இல் துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்தில் சங்கத்தில் நின்ற சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேரை ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள்.

1984இல் இதே பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம். அப்பா அதில் இருந்தார். மூன்றாம் மாதம் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. அடுத்த வருஷம் மாமன் கல்யாணப் போட்டோவில் அம்மா காதில் இருப்பது வேப்பங்குச்சி. அதை மறைக்கத்தான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 2023 கடைசியில், காஸா போரை ஒட்டி, ஏமனின் ஹூத்திப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறது, கன்டெய்னர் வாடகை ஏறிவிட்டது, கூலிப் பேச்சே எடுக்காதீர்கள் என்றார் எங்கள் மேனேஜர். பொய்யில்லை, வாடகை ஏறியது நிஜம். பெரிய கம்பெனிகளிடம் வேலை வாங்கிக் கூலிக்குச் செய்து தரும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் பலர் திணறினார்கள். ஆனால் ஏறிய பணம் கடலில் விழவில்லையே! பெரிய கப்பல் கம்பெனிகளுக்கு 2024 கொழுத்த வருஷம். எங்கள் பவர்டேபிள் தையலில் பீஸுக்குப் பத்துப் பைசா கூடவில்லை. அதே வருஷம் கம்பெனிக்குப் பின்னால் புது ஷெட் மட்டும் எழும்பியது, அதற்கு எந்தக் கப்பலும் குறுக்கே வரவில்லை.

2018இல் அறிவித்த ராணுவத் தளவாட உற்பத்தி வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் எல்லாம் இருக்கின்றன. லேத்துப் பட்டறைக்கு ஆர்டர் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆர்டரில் வரும் லாபத்தில் லேத்து ஓட்டுபவனுக்கு எவ்வளவு என்று கேட்க அங்கே ஒரு சங்கம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலுறவுச் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பாதிப் பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமாம். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் எங்கள் லைனில் பாதிப் பேர் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவோம். அதை என்ன கணக்கில் எழுதுவார்களோ, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.