மலை ஏறும் முன் நாய்க்கு ஏன் இவ்வளவு சாப்பாடு?

மேட்டுப்பாளையத்தில் கேரவனை நிறுத்தி, நாய்க்குட்டிக்கு வயிறு முட்ட தயிர்சாதம் ஊட்டிவிட்டு குன்னூர் மலை ஏறுகிறார்களே, ஏன்? மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு! வளைவில் குமட்டினால் நாய்க்கு முதலில் எச்சில் ஒழுகும், உதட்டை நக்கும், அடிக்கடி கொட்டாவி விடும். அப்போதே அகலமான இடம் பார்த்து ஓரங்கட்ட வேண்டாமா? மெத்தையெல்லாம் கக்கிய பிறகு வளைவிலேயே பிரேக் போட்டால் பின்னால் வரும் பஸ் எங்கே போகும்? அதிலும் யானை நடமாடும் ரோட்டில் கயிறில்லாமல் இறக்கிவிடுவது மகா கொடுமை.

கடைசிச் சாப்பாடு நாலு மணி நேரம் முன்னாலேயே முடியணும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்டீல் பாட்டிலில்; நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. கேரவனில் பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதிதான் அதிகம் ஆடும், நாய்க் கூண்டை அங்கேதான் வைக்கிறார்கள்! முன்சீட்டுக்குப் பின்னால், தரையோடு பட்டை போட்டுக் கட்டுங்களேன். பாவம், வாயில்லா ஜீவன்.