காரணம் தெரியாத கழிச்சல் மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள்

கன்றுக் கழிச்சல் பற்றிப் பேச்சு வந்தாலே நான் டோரோவைரஸை, அதாவது கன்றின் குடலைத் தாக்கும் ஒரு வைரஸை, இழுத்துவிடுவேன் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டவர்களுக்காக இன்று முழுசாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். கழிச்சல் கண்ட ஒரு குதிரையின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். ஒரு வாரத்தில் குதிரை இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்ததில் குடலிலும் ஈரலிலும் புண், கூடவே சால்மோனெல்லா கிருமி. சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மாதிரியிலிருந்து செல் வளர்ப்பில் ஒரு வைரஸும் கிளம்பியிருந்தது. அதுவரை தெரிந்த எந்தக் குதிரை வைரஸோடும் அது ஒத்துப்போகவில்லை. பி138/72 என்று எண் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள்.

அது இன்னது என்று விளக்கும் கட்டுரை வந்தது 1983இல். எழுதியவர்கள் வைஸ், ஸ்டெக், ஹோர்சினெக். இதில் ஃபிரான்ஸ் ஸ்டெக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். காட்டு நரிகளுக்குக் கோழித் தலைக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை வைத்துப் போடும் திட்டத்தை 1978இல் களத்தில் இறக்கியவர். அந்தப் பணியின்போதே 1982இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். பெர்ன் வைரஸ் கட்டுரை அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பிரீடா என்ற சிற்றூரின் மாட்டுப் பண்ணையில் கன்றுகள் கடும் கழிச்சலில் விழுந்தன. 1979. ஜெரால்ட் வூட் குழுவினர் சாணத்தில் ஒரு வைரஸைக் கண்டார்கள். வேறு கிருமி எதுவும் அண்டாமல் வளர்த்த கன்றுகளுக்கு அதைக் கொடுத்தார்கள், அவற்றுக்கும் கழிச்சல் வந்தது. எந்தக் குடும்பத்து வைரஸ் என்று தெரியாததால் 1982 கட்டுரையின் தலைப்பிலேயே 'வகைப்படுத்தப்படாத வைரஸ்' என்றுதான் எழுதினார்கள். பிறகுதான் குதிரை வைரஸும் கன்று வைரஸும் உறவு என்பது ரத்தச் சீரச் சோதனைகளில் தெரிந்தது. இந்த உறவுக் கூட்டத்துக்குத்தான் டோரோவைரஸ் என்று பெயர். பெர்ன் மாதிரி கையில் இல்லாமல் போயிருந்தால் பிரீடா வைரஸ் இன்னும் எத்தனை காலம் தனியாகக் கிடந்திருக்குமோ.

என்னை இன்றும் உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. பெர்ன் வைரஸ் ஆய்வகத்தில் நன்றாக வளர்ந்தது. பிரீடா வைரஸ் வளரவே இல்லை. எனவே டோரோவைரஸ் பற்றிய மூலக்கூறு அறிவில் பெரும்பகுதி குதிரை வைரஸிலிருந்தே வந்தது. ஆனால் அந்தக் குதிரை வைரஸ் குதிரையை நோயாக்குகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. குதிரைக் குட்டிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) உண்டானதே தவிர நோய் வரவில்லை. மாட்டு வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு முக்கியப் புரதத்தின் மரபணு பெர்ன் வைரஸில் பெரும்பாலும் அறுந்துபோய்க் கிடக்கிறது. உண்மையிலேயே கன்றைப் படுக்கவைக்கும் வைரஸைச் செல் வளர்ப்பில் வளர்த்துக் காட்ட 2000க்குப் பிறகு ஜப்பானின் ஐச்சி வகை வரவேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு! எது எளிதோ அதை ஆராய்ந்தோம், எது நோயோ அது காத்துக்கிடந்தது. ஆய்வாளர்களைக் குற்றம் சொல்லவில்லை, வளராத வைரஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த இடைவெளியைக் கன்றுகள்தான் சுமந்தன.

அந்தக் கன்றுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரோட்டாவைரஸ் பெரும்பாலும் குடலுறிஞ்சிகளின் (சத்தை உறிஞ்சும் குட்டி விரல் போன்ற புடைப்புகளின்) மேற்பகுதியைத் தின்னும். டோரோவைரஸ் உறிஞ்சிகளோடு நிற்காமல் அடியிலுள்ள குழிகளுக்கும் இறங்கும். புதுச் செல்கள் பிறப்பதே அங்கேதான். போதாததற்குப் பெருங்குடலையும் பிடிக்கும். தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டிய இடம் அது. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகப் போகிறது, கன்று பால் குடிக்க மறுக்கிறது, கண் குழிவிழுகிறது, தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது.

பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள், வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் இதற்கான ஆன்டிபாடி இருக்கிறது. அதாவது அரிய நோய் அல்ல, கன்றுப் பருவத்தில் பரவலாக வந்து போகும் தொற்று. தடுப்பூசி கிடையாது. கன்றுக் கழிச்சலுக்கு விற்கும் உடனடிச் சோதனை அட்டைகள் பெரும்பாலும் ரோட்டா, கொரோனா, ஈ.கோலை, கிரிப்டோஸ்போரிடியம் ஆகியவற்றைத்தான் தேடும். எல்லாம் 'இல்லை' என்று வந்தால் சீட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுகிறோம், கையோடு ஆன்டிபயாடிக் ஊசியும் போடுகிறோம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் பாக்டீரியா ஏறியிருக்கும் என்று மருத்துவர் கருதினால் போடட்டும், அது வேறு. ஆனால் அந்தக் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் இழந்து ரத்தம் புளித்துப்போவதுதான். உப்புக் கரைசலைச் சரியான அளவில் கொடுப்பதும், எழுந்து குடிக்கிற கன்றுக்குப் பாலை நிறுத்தாமல் இருப்பதும், குடிக்க முடியாததற்கு நரம்பில் நீரேற்றுவதும்தான் உயிர் காக்கும்.

சீம்பால் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைப் பாலுக்கு விட வேண்டும் என்ற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள்தான் கன்றின் குடல் தாயின் ஆன்டிபாடியை முழுசாக உள்ளே விடும். சீம்பால் குடித்த கன்றுக்கும் டோரோவைரஸ் தொற்றத்தான் செய்கிறது. ஆனாலும் கூடவே வரும் மற்ற கிருமிகளைத் தாங்க அதைவிட்டால் வேறு கவசம் இல்லை. காளைக்கன்று என்பதற்காக அதற்குக் கொடுக்காமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

இனி என் கோரிக்கை. நம் கால்நடைப் பல்கலைக்கழகங்களும் நோயறியும் ஆய்வகங்களும், எல்லாச் சோதனையிலும் 'இல்லை' என்று வந்த கன்றுக் கழிச்சல் மாதிரிகளைக் கொட்டாமல், தேதி, ஊர், கன்றின் வயது குறித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். ஆள் இல்லை, இடம் இல்லை, மின்சாரச் செலவு என்பார்கள். தெரியும். ஆனால் வைத்ததால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். பெர்னில் வைத்த அந்த வைரஸின் மரபணுவை ஆராய்ந்து நெதர்லாந்தின் உட்ரெக்டில் முனைவர் பட்டம் பெற்ற எரிக் ஸ்னைடர்தான், 2003இல் சார்ஸ் உலகை உலுக்கியபோது அந்தக் கொரோனாவைரஸின் மரபணுவைப் படித்து அதன் உறவுமுறையைச் சொன்ன குழுவில் இருந்தார். ஒரு குதிரையின் கழிச்சலிலிருந்து வந்த பயிற்சி அது.

மாதிரி அனுப்பும் கால்நடை மருத்துவர்களே, 'காரணம் தெரியவில்லை' என்று பதில் வந்தால் 'மீதி மாதிரி எங்கே இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு ஆய்வகமாவது உறைபெட்டியில் ஒரு தட்டை ஒதுக்கும்.