வருஷா வருஷம் வளர்ந்துக்கிட்டே இருக்கணுமா?

ஆபீஸ்ல வருஷா வருஷம் நம்ம வேலைக்கு மார்க் போடுற அப்ரைசல் வந்துருச்சு, அதனால நான் எதுக்குக் கத்துறேன்னு உங்களுக்கே தெரியும். ஆனா இந்தத் தடவை எனக்கு எரியுறது என் ரேட்டிங்குக்காக இல்ல, எங்க அக்கவுண்ட்ஸ் அக்காவுக்காக. மாசம் பொறந்தா எங்க எல்லாருக்கும் சம்பளம் சரியா விழுதுன்னா அவங்கதான் காரணம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் அவங்க கையில லேட் ஆனதே இல்ல. அவங்கள உக்கார வச்சு மேனேஜர் கேக்குறான், "இந்த வருஷம் என்ன இம்ப்ரூவ்மென்ட்?" "வேலைய தப்பில்லாம முடிச்சேன் சார்." "அது போன வருஷமும் பண்ணீங்களே?" "ஆமா சார்." "அப்ப குரோத் எங்க?" அவங்க மறுபடி தப்பில்லாமங்கிறாங்க, இவன் மறுபடி குரோத்துங்கிறான், அவங்க பைல எடுத்துக் காட்டுறாங்க, இவன் அதத் திறக்கக்கூட இல்ல, "இதெல்லாம் ஓகே, குரோத்?"ங்கிறான். கண்ணாடி ரூம், பேசுறது பூரா வெளிய கேக்குது. தப்பே இல்லாத கணக்குல இன்னும் என்னத்தய்யா ஏத்துறது?

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா சொன்னதுதான் தாங்கல. "நான் தேங்கிட்டேன் போலடா"ன்னாங்க. அவன் கேட்டத இப்ப அவங்களே தன்னைப் பாத்துக் கேக்குறாங்க. இந்த முன்னேற்ற வெறி நம்மளப் பண்ற அக்கிரமம் இதுதான். நேத்துக்கு இன்னைக்கு ஒரு படி ஏறலன்னா நீ ஆளே இல்லன்னு நம்ம வாயாலயே சொல்ல வச்சிருது. நல்லா இருக்கிறத கெடாம காப்பாத்துறதும் வேலைதான்யா, அதுக்கு ஃபார்ம்ல ஒரு கட்டம் கூட கிடையாது.

இந்தப் புத்தி இன்னைக்கு வந்ததில்ல. வெள்ளக்காரன் ஆட்சியில, 1858ல வந்த இந்திய அரசுச் சட்டப்படி, இந்தியாவோட 'ஒழுக்க, பொருள் முன்னேற்றம்' பத்தி வருஷா வருஷம் லண்டன் பார்லிமென்ட்டுக்கு அறிக்கை போயாகணும்னு இருந்துச்சு. தாது வருஷப் பஞ்சம், 1876-78, சென்னை மாகாணத்துல லட்சக்கணக்குல ஜனங்க செத்து விழுந்தாங்க, ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்து நிவாரண வேலை செஞ்சவங்களோட தானியத்த ஒரு நாளைக்கு ஒரு பவுண்டா, அதாவது சுமார் 450 கிராமா வெட்டினாரு. அறிக்கையோட தலைப்பு அப்பவும் முன்னேற்றம்தான். மேல இருக்கிறவன் காட்டுறதுக்கு ஒரு கோடு ஏறிக்கிட்டே இருக்கணும், கீழ இருக்கிற மனுஷன் அந்தக் கோட்ட வச்சுத் தன்னை அளந்து குறுகிப் போகணும். என்ன நியாயம் இது?

அக்கா சாயந்தரம் ஏதோ ஆன்லைன் கோர்ஸ் பேர எழுதி வச்சிருந்தாங்க, பாத்ததும் வயிறு எரிஞ்சுது.